கேரளத்தின் 1047, தமிழ்நாட்டின் 878: மாதிரி சிறுத்தால் விகிதம் எவ்வளவு ஆடும்?

கேள்வி இதுதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காவது சுற்றில் (2015-16) கேரளத்தின் பிறப்புப் பாலின விகிதம், 1000 ஆண் குழந்தைகளுக்கு 1047 பெண் குழந்தைகள். ஐந்தாவது சுற்றில் (2019-21) அது 951. இதே இரண்டு சுற்றுகளுக்கு இடையில் தமிழ்நாடு 954இல் இருந்து 878க்கு இறங்கியது. "மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு பேரைக் கேட்டால் எவ்வளவு ஏற்ற இறக்கம்? இரண்டு மாநிலத்துக்கும் ஒரே சமாதானம் பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருந்தாது. கேரளத்தின் 1047ஐப் பெரும்பாலும் மாதிரியின் ஆட்டம் என்றே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் 878ஐ அப்படித் தள்ளிவிட முடியாது. இரண்டையும் சொல்வது ஒரே சூத்திரம்தான். அதை அடியில் இருந்தே பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் பலர், அது என்ன சொல்கிறது என்று நின்று யோசித்தவர்கள் குறைவு.

முதலில் ஒப்பிட ஓர் எண் வேண்டும். யாரும் குறுக்கிடாவிட்டால் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நாட்டுக்கு நாடு 103 முதல் 107 வரை இருக்கும். 105 என்றால் 1000 ஆணுக்கு 952 பெண், அதாவது பிறப்புகளில் 48.8 விழுக்காடு பெண்கள். கேரளத்தின் 1047 என்பது பெண்கள் 51.1 விழுக்காடு. பெண்கள் அதிகமாகப் பிறந்தார்கள் என்கிறது அந்த எண். ஆண் கருவைத் தேடிக் கலைக்கும் வழக்கம் எங்கும் இல்லையே, பிறகு எப்படி? எந்தச் சமூகக் காரணமும் சொல்ல முடியாத எண் என்பதால்தான் மாதிரியின் ஆட்டத்தைப் படிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைப்பதில்லை.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோம். புள்ளியியலின் பாதி இந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும் என்பது எப்போது உண்மை? பானையில் எல்லாப் பருக்கையும் ஒன்றுபோல் வெந்திருக்கும்போது. அப்போது எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒரே விடைதான் வரும், ஆட்டம் என்பதே கிடையாது. பாதி வெந்து பாதி வேகாத பானையில் ஒரு பருக்கை எதையும் சொல்லாது. பத்துப் பருக்கை எடுத்தாலும் ஒருமுறை ஏழு வெந்ததாக வரும், அடுத்தமுறை நான்கு. குழந்தைப் பிறப்பு இந்த இரண்டாவது பானை. ஒவ்வொரு பிறப்பிலும் ஆணா பெண்ணா என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருப்பது இந்த இடத்தில்தான்.

சூத்திரத்தில் இது அப்படியே இருக்கிறது. உண்மையான விகிதம் (மொத்தத்தில் ஒரு வகையின் பங்கு) ப, மாதிரியில் உள்ள எண்ணிக்கை ந என்றால், மாதிரி விகிதத்தின் திட்டப்பிழை, அதாவது மாதிரி எண் உண்மையில் இருந்து வழக்கமாக விலகும் அளவு, என்பது ப × (1 − ப) என்பதை ந ஆல் வகுத்து எடுத்த வர்க்கமூலம். ப என்பது 1 என்றால், அதாவது எல்லாச் சோறும் வெந்திருந்தால், மேலே இருக்கும் பெருக்கல் 0. ப என்பது 0.5 என்றால் அது 0.25, அதைவிடப் பெரிதாக முடியாது. பிறப்புகளில் பெண்களின் பங்குக்கு இதைச் சுருக்கி, 0.5ஐ ந-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 100 பிறப்புக்கு 5 விழுக்காட்டுப் புள்ளி. 400க்கு 2.5. 2,500க்கு 1. 10,000க்கு 0.5. பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

ஏன் வர்க்கமூலம்? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மாதிரி பெரிதானால் மேலும் கீழும் சரிக்கட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் பெண்கள் அதிகமாக வந்தால் அப்புறம் ஆண்கள் வந்து கணக்கை நேர்செய்துவிடும் என்பதுபோல. அப்படி எதுவும் நடப்பதில்லை. ஜான் கெரிக் என்ற தென்னாப்பிரிக்கக் கணிதவியலாளர் இரண்டாம் உலகப்போரின்போது டென்மார்க்கில் மாட்டிக்கொண்டு, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். முதல் 100 சுண்டலில் தலை விழுந்தது 44 முறை. 1,000 சுண்டலில் 502. 10,000 சுண்டலில் 5,067. எண்ணிக்கையைப் பாருங்கள்: 100இல் பாதிக்கு 6 குறைவு, 10,000இல் பாதிக்கு 67 அதிகம். விலகல் குறையவில்லை, கூடியிருக்கிறது. விழுக்காட்டைப் பாருங்கள்: 44இல் இருந்து 50.67. உண்மைக்கு வெகு அருகில் வந்துவிட்டது.

இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒவ்வொரு சுண்டலும் தற்செயலாக ஒரு படி முன்னோ பின்னோ தள்ளுகிறது. சில தள்ளல்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன, சில அழிப்பதில்லை. 10,000 தள்ளலுக்குப் பிறகு தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்போம் என்பது 10,000இன் அளவில் வராது, அதன் வர்க்கமூலமான 100இன் அளவில்தான் வரும். அந்தத் தூரத்தை 10,000ஆல் வகுக்கும்போது விழுக்காடு சுருங்குகிறது. பழைய விலகலை யாரும் வந்து திருத்தவில்லை, பெரிய எண்ணில் அது கரைந்துபோகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பாடத்தின் மற்றப் பகுதிகள் தானாக வந்துவிடும் என்பது என் அனுபவம்.

மனிதர்கள் இதைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. கணிதவியலாளர் யாக்கோப் பெர்னூலி இறந்த பிறகு 1713இல் வெளியான அவருடைய நூலில், எண்ணிக்கை கூடினால் விகிதம் உண்மையை நெருங்கும் என்பதற்கு நிரூபணம் இருந்தது. ஆனால் எவ்வளவு கூட வேண்டும் என்று அவர் போட்ட கணக்கு மிகத் தாராளமானது. இரண்டு வகை மூன்றுக்கு இரண்டு என்று கலந்த பானையில், இருபக்கமும் இரண்டு விழுக்காட்டுப் புள்ளிக்குள் விடை வர, ஆயிரம் முறை சரியானால் ஒருமுறை தவறலாம் என்ற உறுதியோடு, 25,550 முறை எடுக்க வேண்டும் என்றார். 1733இல் ஆப்ரகாம் டி மொவாவர் வர்க்கமூலத்தைப் பிடித்தார். அவர் வழியில் கணக்கிட்டால் சுமார் 6,500 போதும்.

சரி, இப்போது கேரளம். விழுக்காட்டில் ஒரு புள்ளி என்றால் சின்னதாகத் தோன்றும். அதைப் பாலின விகிதமாக மாற்றினால்தான் அதன் பருமன் தெரியும். உண்மை 48.8 விழுக்காடாகவே இருக்கும் ஓர் ஊரில், இருபக்கமும் இரண்டு திட்டப்பிழை விட்டால், நூற்றுக்கு 95 முறை மாதிரி எங்கே விழும்? 100 பிறப்புகள் என்றால் 634 முதல் 1427 வரை. 400 என்றால் 779 முதல் 1165. 2,500 என்றால் 880 முதல் 1033. 10,000 பிறப்புகளை எண்ணினாலும் 916 முதல் 992 வரை ஆடும். செய்தியில் பத்துப் புள்ளி ஏறியது, பதினைந்து புள்ளி இறங்கியது என்று படிக்கும்போது இந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது சுற்றில் கேரளத்தில் பேட்டி கண்ட 15-49 வயதுப் பெண்கள் சுமார் 11,000 பேர். அவர்களில் எத்தனை பிறப்புகள் கணக்கில் வந்திருக்கும்? இந்த விகிதம் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை மட்டும் எண்ணுகிறது. ஒரு பெண் அந்த 35 ஆண்டுகளில் சராசரியாக 1.6 குழந்தை பெறுகிறார் என்றால், ஐந்து ஆண்டுக்கு அதில் ஏழில் ஒரு பங்கு. தோராயமாக 2,500 பிறப்புகள். மூன்றரைக் கோடி மக்கள் வாழும் மாநிலத்தின் எண்ணாக அச்சேறியது இவ்வளவு குழந்தைகளை எண்ணி வந்ததுதான். திட்டப்பிழை 1 புள்ளி. உண்மை 48.8 என்றால், 51.1 என்பது 2.3 திட்டப்பிழை தள்ளி இருக்கிறது. தனியாகப் பார்த்தால் நூற்றில் இரண்டு முறை மட்டும் நடக்கக்கூடியது. ஆனால் நாம் கேரளத்தைத் தனியாகப் பார்க்கவில்லை. 36 மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் உள்ள பட்டியலில் விசித்திரமாகத் தெரிந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம். 36 இடங்களில் எங்காவது ஒன்றில் இவ்வளவு விலகல் வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அடுத்த சுற்றில் 951 வந்தது சரிவு இல்லை, உண்மை இருக்கும் இடத்துக்கு எண் திரும்பி வந்தது. "ஐந்தே ஆண்டுகளில் 96 புள்ளி வீழ்ச்சி" என்று அதைப் படித்துக் கேரளத்தில் பெண் கருக்கொலை தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினால், நடக்காத குற்றத்துக்கு ஒரு மாநிலத்தையே பொறுப்பாக்குகிறோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஐந்தாவது சுற்றில் இங்கே பேட்டி கண்ட பெண்கள் 25,000க்கு மேல். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று வைத்து அதே வழியில் கணக்கிட்டால் சுமார் 6,500 பிறப்புகள், திட்டப்பிழை 0.6 புள்ளி. 878 என்றால் பெண்கள் 46.8 விழுக்காடு. இயற்கையான 48.8இல் இருந்து 2 புள்ளி கீழே, அதாவது மூன்று திட்டப்பிழைக்கும் மேல். 878ஐச் சுற்றி இரண்டு திட்டப்பிழை விட்டுப் பார்த்தால் உண்மை 835க்கும் 922க்கும் இடையில் எங்கோ இருக்கலாம். துல்லியமாக 878 என்று சொல்ல வழியில்லை. ஆனால் 952 அந்த எல்லைக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

954இல் இருந்து 878 என்ற இறக்கத்தை மட்டும் கேட்டால் பதில் இன்னும் கொஞ்சம் நிதானமாக வரும். முந்தைய சுற்றும் ஒரு மாதிரிதான், அதற்கும் தன் ஆட்டம் உண்டு. இரண்டு மாதிரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை ஒன்றின் பிழையைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதன்படி இந்த இறக்கம் 2.4 திட்டப்பிழை. இறக்கம் 76 புள்ளிதானா என்று சந்தேகப்படலாம், இறக்கமே இல்லை என்று சொல்வது கடினம். உசிலம்பட்டியும் சேலமும் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியில் அடிபட்ட மாநிலம் இது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே சேலத்தில்தான். இங்கே இப்படி ஓர் எண் வரும்போது "மாதிரிப் பிழை" என்று சொல்லி மூடிவைப்பது, கேரளத்தின் மேல் இல்லாத பழி போடுவதைவிட மோசமான தவறு. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாவட்ட அளவில் நிலைமை இதைவிடச் சிக்கல். ஐந்தாவது சுற்றில் நாடு முழுவதும் 6,36,699 வீடுகள், 707 மாவட்டங்கள். மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடு. அதில் கிடைக்கும் ஐந்து ஆண்டுப் பிறப்புகள் முந்நூறு அளவில் இருக்கும். 300 பிறப்புக்கு 95 விழுக்காட்டு எல்லை என்ன தெரியுமா? 755 முதல் 1200 வரை. நாட்டில் எந்த மாவட்டத்திலும் யாரும் ஒரு தவறும் செய்யாமல், எல்லா இடத்திலும் உண்மை 952 ஆகவே இருந்தாலும், 707இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இந்த எல்லைக்கு வெளியே விழும். பாதி 755க்குக் கீழே, பாதி 1200க்கு மேலே. மாவட்ட அறிக்கையில் இந்த எண்ணையும் அச்சிடுகிறார்கள். அதை இறங்குவரிசையில் அடுக்கினால் முதல் பத்துக்குப் பாராட்டும் கடைசிப் பத்துக்கு விசாரணையும் என்று ஆகிவிடும். அடுத்த சுற்றில் இரண்டு பக்கமும் இடம் மாறியிருக்கும், பாராட்டும் விசாரணையும் வேலை செய்தன என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட பட்டியல்களில் இரண்டு முனைகளிலும் சின்ன இடங்களே உட்கார்ந்திருக்கும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் சிறுநீரகப் புற்றுநோய்க் கணக்கை வைத்து இதைக் காட்டினார். நோய் மிகக் குறைவான கவுன்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) மக்கள் குறைந்த கிராமப்புறத்தில் இருந்தன. நோய் மிக அதிகமானவையும் மக்கள் குறைந்த கிராமப்புறத்தில்தான். முதல் பட்டியலை மட்டும் பார்த்தவர் சுத்தமான காற்று என்பார், இரண்டாவதை மட்டும் பார்த்தவர் மருத்துவ வசதி இல்லை என்பார்.

இது நமக்கு இயல்பாக வராத சிந்தனை என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 95 கல்லூரி மாணவர்களிடம் கேட்டது: ஒரு மருத்துவமனையில் நாளுக்கு 45 பிறப்பு, இன்னொன்றில் 15. ஓர் ஆண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆண் குழந்தை பிறந்த நாட்கள் எதில் அதிகம்? 53 பேர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்கள். பெரியது என்று 21 பேர், சிறியது என்று 21 பேர். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், பாதிக்குப் பாதி என்று வைத்தால் சிறிய மருத்துவமனையில் அப்படிப்பட்ட நாட்கள் சுமார் 55, பெரியதில் சுமார் 25. இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டு சந்தேகங்கள் உங்களுக்கு வரும், வழக்கமாக எல்லோருக்கும் வருகிறவை. ஒன்று, கேரளத்தைவிட உத்தரப் பிரதேசம் பல மடங்கு பெரியதாயிற்றே, அங்கே மாதிரியும் அதே மடங்கு பெரிதாக வேண்டாமா? வேண்டாம். மறுபடி பானைக்கே போகலாம். கல்யாண வீட்டு அண்டாவானாலும் வீட்டுச் சட்டியானாலும் குழம்பில் உப்பு பார்க்க ஒரே கரண்டி போதும், நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சூத்திரத்தில் மக்கள்தொகையே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாதிரியாக எடுத்தால் மட்டும் பிழை கொஞ்சம் குறையும்.

இரண்டாவது சந்தேகம் அந்தக் "கலக்கல்" பற்றியது. இந்தக் கணக்கெடுப்பு நாடெங்கும் ஆளாளாகக் குலுக்கல் போட்டு எடுப்பதில்லை. முதலில் கிராமங்களையும் நகர்ப்புறத் தொகுதிகளையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 22 வீடுகளை எடுக்கிறார்கள். பிறப்பின் பாலினத்தில் இது பெரிய சிக்கல் இல்லை, பக்கத்து வீட்டில் பெண் பிறந்தது என்பதற்காக நம் வீட்டிலும் பெண்ணே பிறக்கும் என்றில்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் போன்ற கேள்விகளில் ஒரு தெருவுக்கு வந்தால் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கும். 22 வீட்டைக் கேட்டும் இரண்டு மூன்று வீட்டைக் கேட்ட தகவல்தான் கிடைக்கும். அங்கே நான் மேலே போட்ட கணக்கு பிழையைக் குறைத்துச் சொல்லும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிறந்து சில நாளில் இறந்த பெண் குழந்தையைப் பற்றிக் கணக்கெடுப்பாளரிடம் ஒரு குடும்பம் சொல்லாமல் விட்டால், அந்தப் பிழை மாதிரியைப் பெரிதாக்குவதால் குறையாது. ஆறாயிரம் பிறப்பை அறுபதாயிரமாக்கினாலும் அந்தக் குழந்தை கணக்கில் வராது. ந-இன் வர்க்கமூலம் தற்செயலை மட்டும்தான் கரைக்கும்.

கடைசியாக, எவ்வளவு பேரைக் கேட்டால் போதும் என்ற உங்கள் கேள்விக்கு ஒரு நேரான எண் தருகிறேன். ஒரு மாவட்டத்தில் உண்மை 952இல் இருந்து 930க்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். இது சிறிய இறக்கம் இல்லை, ஆண்டுக்கு 24,000 பிறப்பு உள்ள இடத்தில் சுமார் 280 பெண் குழந்தைகள் பிறக்காமல் போனார்கள் என்று அர்த்தம். விழுக்காட்டில் இது 0.6 புள்ளி. அதைத் தற்செயலில் இருந்து பிரித்துக் காண, திட்டப்பிழை 0.3 புள்ளிக்கு வர வேண்டும். அதற்குச் சுமார் 28,000 பிறப்புகள் வேண்டும். 300 பிறப்பு கிடைக்கும் கணக்கெடுப்பு இந்த இறக்கத்தைக் காணவே முடியாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள், 38 மாவட்டங்கள், மாவட்டத்துக்குச் சராசரி கிட்டத்தட்ட 24,000. அதாவது ஒரு மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் ஒன்றுவிடாமல் எண்ணினாலும் இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியும் எல்லையில்தான் நிற்கும். முழுவதையும் எண்ணினால் அது மாதிரி அல்லவே என்று கேட்கலாம். எண்ணும் பிழை இருக்காது, ஆனால் ஆணா பெண்ணா என்ற தற்செயல் அந்த ஓர் ஆண்டிலும் இருக்கிறது. ஆகவே மாவட்ட அளவில் உண்மையை அறிய விரும்புகிறவர் குடிமைப் பதிவில், அதாவது அரசின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டில், உள்ள பிறப்புகளை எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். மாநில அளவில் ஓர் ஆண்டே போதும். 9 லட்சம் பிறப்பில் இரண்டு திட்டப்பிழை என்பது 952இல் இருபக்கமும் நான்கு புள்ளிதான். 878 சரியா என்று சோதிக்கப் போக வேண்டிய இடமும் அந்தப் பதிவேடுதான்.